உப்பில் போட்ட நரித்தலை

அந்த நரி கருவாட்டைத் தாண்டி வந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சித்திரை மாதம், உச்சி வெயில். கனகசெட்டிக்குளம் குப்பத்துக் கடற்கரையில் நானும் என் ஓரகத்தியும் நெத்திலியைப் பரப்பிக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். சவுக்குத் தோப்பிலிருந்து ஒரு நரி வெளியே வந்தது. நரி எங்களுக்குப் புதிதில்லை. இருட்டிய பிறகு வந்து கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். விடிந்ததும் நாங்கள் அதன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவோம். பட்டப்பகலில் வந்தது அன்றுதான். ஒரு நெத்திலியைக்கூட மோந்து பார்க்காமல், மீன்மேலேயே காலை வைத்து மிதித்தபடி நேராக என்னை நோக்கி வந்தது. ஓடி வரவில்லை, நடந்து வந்தது. வாயிலிருந்து கோழை நூலாகத் தொங்கியது.

கையை வீசி விரட்டினேன். அது என்னைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பக்கத்தில் வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. நான் கத்திக்கொண்டே மணலில் விழுந்தேன். ஓரகத்தி கிடந்த துடுப்பை எடுத்து அதன் முதுகில் அடித்தாள், பிறகு மண்டையில் அடித்தாள். செத்த பிறகுதான் அது பல்லைத் தளர்த்தியது. அதன் இடது காது பாதி கிழிந்து தொங்கியது. அந்தக் காதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நொடி தோன்றியது. வலியில் அது அப்படியே போய்விட்டது.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. என்னைவிட நாலு வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவளுக்கு அது வருவதே தெரியாது. ஆனால் வந்தால் இறங்காது. அப்போது அவள் ஆறு மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இந்த ஒன்றாவது தங்க வேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அந்த வயிற்றோடுதான் அவள் துடுப்பை ஓங்கினாள். அதை நான் ஒருநாளும் மறந்தவளில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கே சைக்கிளில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு சாயங்காலம் திரும்பினார்.

"நாளைக்குக் காலைல வரச் சொன்னாங்க. ஊசி போடணுமாம், தொப்புள சுத்தி பதினாலு. நரியோட தலையும் வேணுமாம். எங்கியோ மலைமேல அனுப்பி சோதிச்சா, அதுக்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சிடுமாம். இல்லன்னா ஊசிய நிறுத்திடுவாங்க. தலை மட்டும் கெட்டுப்போவக் கூடாதுன்னு சொன்னாங்க."

கெட்டுப்போகாமல் வைக்க எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஐஸ் கட்டி டவுனில்தான் கிடைக்கும். சித்திரை வெயிலில் அது எங்கள் குப்பத்துக்கு வந்துசேர்வதற்குள் வெறும் சாக்குதான் மிஞ்சும். ஆகவே காலில் கட்டோடு அரிவாள்மனையின் முன்னால் நானே உட்கார்ந்தேன். கடிபட்டவள் நான், தலையும் என் பொறுப்பு என்று ஒரு வீம்பு. பெரிய மீனின் தலையை எப்படிப் பிளப்போமோ அப்படி நரியின் தலையைப் பிளந்தேன். முதலில் நாறுவது எதுவோ அதைச் சுரண்டி எடுத்துக் கடலில் போட்டேன். கடல் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். கல் உப்பை உள்ளேயும் வெளியேயும் திணித்து ஓலைப் பையில் கட்டினேன். இனிமேல் ஒரு மாசம் ஆனாலும் இது கெடாது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன். மாமியார் பையை மோந்து பார்த்து, வாடையே இல்லை என்று மெச்சினார்.

மறுநாள் டாக்டர் பையைப் பிரித்தார். கண்ணாடி போட்ட இளவயதுக்காரர். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூளை எங்கம்மா?"

"அதாங்க மொதல்ல நாறும். எடுத்துக் கடல்ல போட்டுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பக்கத்தில் நின்ற ஒரு பையன் சிரித்துவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. சோதிப்பதே அந்த மூளையைத்தான் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு என் கைகளைக் காட்டச் சொன்னார். மீன் முள் குத்தி எப்போதும் பத்து இடத்தில் கிழிந்திருக்கும் கைகள். அந்தக் கைகளால்தான் மூளையை அள்ளியிருக்கிறேன் என்பது அவர் முகம் மாறியபோதுதான் எனக்கு உறைத்தது. பதினாலு நாளும் வர வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, நரிக்கு வெறி இருந்ததா என்பது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார்.

ஊசி போடுகிறவர் ஒரு பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போய் வந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தலை முழுக்க நரைத்திருந்தது, கை நடுங்காது. புடவையை விலக்கி ஓர் ஆண்பிள்ளைக்கு முன்னால் வயிற்றைக் காட்டிப் படுப்பது எனக்கு உயிர் போகிற வெட்கமாக இருந்தது. மாசேர் ஒருவர், அதாவது கன்னியாஸ்திரீ, பக்கத்தில் நின்று என் தலையைப் பிடித்துக்கொள்வார். சின்ன வயதில் மாசேர்களின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். அவர் கை பட்டதும் ஒப்பிக்க வேண்டிய பாடம் மறந்துபோன பயம்தான் வந்தது. ஊசி மருந்து உள்ளே இறங்கும்போது வயிறு தீயாய் எரியும். பிறகு மார்க்கெட்டில் கூடையை இறக்கிக் குந்தினால் சாயங்காலம் வரை குனிய முடியாது. ஒரு நாள் விற்காமல் விட்டால் மறுநாள் சோறில்லை, அதனால் குந்தினேன்.

நாலாவது நாள் சொல்தா கேட்டார்.

"உங்க பக்கம் வெறிநாய் எதுனா திரிஞ்சிச்சாம்மா?"

"இல்லீங்க. அப்படி ஒண்ணும் இல்ல."

"அப்ப நரிக்கு யாரு குடுத்தாங்க?"

அவர் ஊசியைக் கொதிதண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"வவ்வால் இருக்கா அங்க?"

"இருக்குதுங்க. ஐயனார் கோயில் ஆலமரம் பூரா அதுங்கதான்."

"நான் கயேன்ல பட்டாளத்து ஆஸ்பத்திரியில இருந்தேன். கடலுக்கு அந்தாண்ட, காட்டு ஊரு. அங்க ஒரு பண்ணையில மாடு மாடா செத்துச்சு. காலு இழுத்துக்கும், வாயில நொரை தள்ளும், தண்ணிகிட்ட போவாது. சுத்தி எங்கியும் ஒரு நாய் கெடையாது. ரத்தம் குடிக்கற வவ்வால் கடிச்சிதான் வந்துச்சுன்னு அங்க இருந்த தொக்தேர்ங்க, அதான் டாக்டருங்க, சொன்னாங்க. மாட்டுக்கு வரும், காட்டுல இருக்கறதுங்களுக்கும் வரும்னாங்க."

"அது ரத்தம் குடிக்கற வவ்வாலுங்க. எங்களுது பழம் திங்கறது."

"தெரியும்மா. இந்த வவ்வாலுக்கு அது இருக்கா, எனக்குத் தெரியாது. இங்க கேட்டா சிரிக்கறாங்க. மனசுல பட்டுது, கேட்டேன். அவ்ளோதான்."

புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தவள் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கிழிந்த காதை எங்கே பார்த்தேன் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஐயனார் மரத்து வௌவாலை யாரும் அடிக்க மாட்டார்கள். தீபாவளிக்குக்கூட அந்தப் பக்கம் வெடி வெடிப்பதில்லை. ஆனால் தானாகக் கீழே விழுந்தால் அது ஐயனார் கொடுத்தது. எடுத்துச் சமைத்து மூச்சிழுப்பு நோய்க்காரர்களுக்குக் கொடுக்கலாம். என் மாமனாருக்கு இழுப்பு. பங்குனியில் ஒரு நாள் காலை நானும் ஓரகத்தியும் சவுக்குச் சருகு பொறுக்கப் போனபோது மரத்தடியில் மூன்று வௌவால்கள் விழுந்து கிடந்தன. வெயிலில் விழுந்ததா, சீக்கு வந்து விழுந்ததா, யாருக்குத் தெரியும். ஒன்றைக் காது கிழிந்த நரி ஒன்று கவ்வி இழுத்துக்கொண்டு போனது. அந்த வௌவாலுக்கு உயிர் இருந்தது, சிறகை நரியின் முகத்தில் அடித்துக்கொண்டே போனது. இன்னொன்று செத்திருந்தது. மூன்றாவதை எடுக்க நான் சாக்கைத் தேடுவதற்குள் ஓரகத்தி வெறுங்கையால் எடுத்துவிட்டாள். அது அவள் கட்டைவிரலைக் கடித்தது. முள் குத்தினாற்போல ஒரு சொட்டு ரத்தம்தான்.

பிள்ளைத்தாய்ச்சி வௌவாலைத் தொட்டால் குழந்தை தலைகீழாகத் திரும்பி, கால் முன்னால் வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. "அத்தைகிட்ட சொல்லிடாதடி, நீ புடிச்சன்னு சொல்லு" என்று அவள் கெஞ்சினாள். சொல்ல மாட்டேன் என்று அவள் வயிற்றின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். வௌவாலை நான்தான் பிடித்தேன் என்று மாமியாரிடம் சொல்லவும் சொன்னேன். சாறு குடித்த மாமனாருக்கு இரண்டு நாள் மூச்சு லேசானது. அத்தோடு எல்லோரும் அதை மறந்தோம்.

சொல்தாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. வேறு யாருக்கோ கேட்பதுபோல ஒன்று மட்டும் கேட்டேன்.

"கடிச்சி எத்தினி நாள்ல வருங்க?"

"மனுஷாளுக்கு ஒரு மாசத்துலயும் வரும், மூணு மாசத்துலயும் வரும். மொதல்ல கடிச்ச எடம் குறுகுறுன்னு இருக்கும். அப்புறம் தண்ணி முழுங்க முடியாது. அப்புறம் ஊசியெல்லாம் வீண்."

பங்குனியில் அவள் கடிபட்டு அன்றோடு ஐந்து வாரம் போயிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது விரலை மடக்கி மடக்கி எண்ணினேன்.

வீட்டுக்குப் போனதும் அவளைத்தான் பார்த்தேன். சட்டியைக் கழுவினாள், நான் பார்த்தேன். சோறு வடித்தாள், நான் பார்த்தேன். "இன்னாடி புதுசா பாக்கற மாதிரி பாக்கற" என்று கேட்டுச் சிரித்தாள். தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன், குடித்தாள். எனக்கு உயிர் வந்தது. மறுநாள் காலை கொடுத்தேன். செம்பை வாய்வரை கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டாள். "வேணாம், கொமட்டுது" என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் குமட்டுவது ஊரறிந்த விஷயம். எனக்கு மட்டும் அது போதவில்லை. ஊசி போட்டுக்கொண்டதும் மார்க்கெட்டுக்குப் போகாமல் பஸ் ஏறி வந்து, அவள் எதையாவது விழுங்குகிறாளா என்று நிழலாய்ப் பின்னாலேயே திரிந்தேன். மத்தியானம் கஞ்சி குடித்தாள். கஞ்சி குடித்துக்கொண்டே கட்டைவிரலைப் புடவையில் தேய்த்தாள்.

"விரல் இன்னா?"

"இன்னாமோ குறுகுறுங்குது. எறா முள்ளு ஏறியிருக்கும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளைத் தோப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் சொல்தா சொன்னதை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"வயித்துல ஊசியா? மாட்டேன்."

"வெறி வந்தா நீயும் இல்ல, புள்ளையும் இல்ல."

"நரிக்கு வெறியான்னே தெரியல. வவ்வாலுக்கு வெறின்னு யாரோ ஒரு கெழவன் சொன்னான்னு என் வயித்துல குத்த வுடுவனா? ரெண்டு போயிடுச்சு எனக்கு. இது போவக் கூடாது."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் செத்துப்போவதை என் மனக்கண்ணால் பார்த்துவிட்டேன். வாயில் நுரையோடு, தண்ணீர்ச் செம்பைக் கண்டு அலறிக்கொண்டு. அப்போது என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கும் என்னால் திருப்பி வாங்க முடியவில்லை.

"வரியா, இல்ல வவ்வால புடிச்சது நீன்னு அத்தைகிட்ட சொல்லட்டுமா?"

அவள் வயிற்றின்மேல் செய்த சத்தியத்தை வைத்தே அவளை மடக்கினேன். சிநேகிதியாக இருந்தவளைப் பயமுறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன், அதுதான் உண்மை.

மறுநாள் டாக்டரிடம் நான்தான் பேசினேன். நரியை அடித்தபோது இவள் விரலிலும் பல் பட்டது, பயந்துகொண்டு இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன்; வீட்டிலும் அதையேதான் சொல்லியிருந்தேன். வௌவால் என்று சொன்னால் சிரித்து அனுப்பிவிடுவார்களோ என்று பயம். டாக்டர் அவள் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது பழைய காயம் மாதிரி இருக்கே."

சொல்தா ஊசித் தட்டோடு கதவருகில் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், ஓரகத்தியின் விரலைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நரிய அடிச்சிக் கொன்னது இந்தம்மாதாங்க. ரத்தம் தெறிச்சிருக்கும். போட்டுடறது நல்லது" என்றார்.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். திரைக்கு அந்தப் பக்கம் படுத்ததும் ஓரகத்தி சொல்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மாட்டேன்."

அவள் கையை விட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசி இறங்கியபோது சத்தமே வரவில்லை. நான் தினமும் கத்துகிற இடத்தில் அவள் கத்தவில்லை என்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எனக்குப் பதினாலு முடிந்த பிறகும் அவளோடு தினமும் போனேன். பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஊசி போட்டுக்கொண்ட நாள் ஒவ்வொன்றும் வீட்டுக்கு வந்து வயிற்றின்மேல் காதை வைக்க முடியாததால் கையை வைத்து, அசைகிறதா அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள். அசைந்ததும் கண்ணை மூடுவாள். அடுப்படியில் நின்றுகொண்டு நானும் அவள் கண்ணை மூடுவதற்காகவே காத்திருப்பேன். பதினாலும் முடிந்தது. விரல் குறுகுறுப்பு எப்போது நின்றது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனி பிறந்து எட்டாம் மாசத்தில் அவளுக்கு வலி கண்டது. பெண் குழந்தை. தலைகீழாக வரவில்லை, ஒழுங்காகத்தான் வந்தது. இரண்டு கையில் அடங்குகிற அளவுதான் இருந்தது. மூன்று நாள் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் பால் குடிப்பதை நிறுத்தியது.

ஊசியாலா என்று டாக்டரிடம் கேட்டேன். முன்னாலேயே இரண்டு கலைந்த வயிறு, இதுவும் அப்படித்தான் இருக்கலாம், ஊசியாகவும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். சொல்தாவிடம் கேட்கப் போனேன்; என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், தெரியாதும்மா என்றுதான் அவரும் சொன்னார். காரியம் முடிந்த அன்று சாயங்காலம் ஓரகத்தி அடுப்படிக்கு வந்தாள். உப்புப் பானையின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தலைய உப்புல போட்டவ நீதான?"

நான் ஆமாம் என்றேன். அந்தத் தலை முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தால், நரிக்கு வெறி இல்லை என்று ஒரு தாள் வந்திருந்தால், அவள் வயிற்றில் ஓர் ஊசியும் இறங்கியிருக்காது. வெறி உண்டு என்று வந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருப்போம், நான் ஒருத்தி மிரட்ட வேண்டியிருந்திருக்காது. அந்தத் தாளை என் கையால் அலசிக் கடலில் விட்டேன். அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வெகு காலத்துக்குப் பிறகு ஒரு வார இதழில் படித்தேன். வெறிநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் பல இருக்கின்றனவாம், வௌவால்களிடம் குடியிருக்கின்றனவாம், சில தேசங்களில் அவை வௌவாலிடமிருந்து நரி போன்ற காட்டு மிருகங்களுக்குத் தாவியிருக்கின்றனவாம். எங்கள் ஆலமரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் இரண்டு தடவை படித்தேன். சொல்தா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்.

நான் செய்தது சரியா தப்பா என்று நானே என்னைக் கேட்காத நாள் இல்லை. தலையை உப்பில் போட்டது தப்பு. சத்தியத்தை வைத்து மிரட்டியது பெரிய தப்பு. ஆனால் அவள் விரலைத் தேய்ப்பதை எனக்குக் காட்டி, மறுபடி அந்தத் தோப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், மறுபடியும் மிரட்டத்தான் செய்வேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

அவளுக்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள் பிறந்து பெரியவர்களானார்கள். குடும்பம் பிரிந்து அவள் வீடு என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. தினமும் விடிந்ததும் வாசலுக்கு வந்து வாய் கொப்பளித்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்க்க வேண்டாம், பேசவும் வேண்டாம். கடைசி வாய் தொண்டையில் இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போவேன்.